ஆர்.சி.யில் இல்லாத ஸ்பிரிங்

சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்தான். 'அண்ணே, வேகத்தடையில அடி தட்டுது, கொஞ்சம் தூக்கிக் குடுங்க' என்பது ஒன்று. 'வண்டி கழுதை மாதிரி உசரமா நிக்குது, ரெண்டு விரக்கடை இறக்கி விடுங்க' என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பின்னால் வரும் கேள்வி ஒன்றேதான்: இது சட்டப்படி செல்லுமா? எங்கள் தொழிலில் இதற்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. ஸ்பிரிங்கை எந்த ஆர்.டி.ஓ.வும் குனிந்து பார்ப்பதில்லை, தாராளமாகச் செய்யலாம் என்பார் ஒருவர். உச்ச நீதிமன்றமே தடை போட்டுவிட்டது, ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது என்பார் இன்னொருவர். சட்டத்தின் வாசகத்தையும் வண்டியின் அடிப்பாகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு பதிலுமே நிற்கவில்லை. நம் நாட்டுச் சட்டம் ஒரு காரை அதன் பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்.சி.யில், என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து அளக்கிறது. சஸ்பென்ஷன் அந்தச் சான்றிதழில் இல்லை. ஆகவே ஆபத்தான மாற்றம் சட்டத்தின் கண்ணில் படாமல் போகிறது, முறையாகச் செய்த மாற்றத்துக்கோ சட்டத்தில் இடமே கிடைப்பதில்லை. இந்த நிலை மாற வேண்டும், மாற்ற முடியும் என்பதுதான் என் வாதம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்ற எரிபொருள் மாற்றத்துக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. குறிப்பிட்ட நோக்கங்களுக்காக வேறு மாற்றங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அதே பிரிவு மத்திய அரசின் கையில் கொடுத்திருக்கிறது. பிரிவின் கடைசியில் ஒரு விளக்கம் வருகிறது. பலரும் வாசிக்காமல் தாண்டிவிடும் இடம் அது. மாற்றம் என்றால், வாகனத்தின் அடிப்படைத் தன்மையையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று அந்த விளக்கம் வரையறுக்கிறது. தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு அதே தரத்தில் இன்னொரு நிறுவனத்தின் ஷாக்கைப் போடுவது இந்த வரையறைக்குள் வராது, அது பழுதுபார்ப்பு. சேசிஸை அறுத்து வேறு ஆக்சிலைப் பற்றவைப்பது சந்தேகமே இல்லாமல் வரும். இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பெரிய நிலப்பரப்பில்தான் எங்கள் தொழில் நடக்கிறது.

அந்த நிலப்பரப்பில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று வந்தது. கேரளத்திலிருந்து போன வழக்கு, வட்டாரப் போக்குவரத்து அதிகாரி எதிர் கே. ஜெயசந்திரா. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு கேரள உயர் நீதிமன்றத்தின் கருத்தை ஏற்கவில்லை. மாநில விதிகள் எதைச் சொன்னாலும் அவை மத்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவை, தயாரிப்பாளர் குறித்த மூல அளவுகளை மாற்ற முடியாது என்றது. காரணமும் சொன்னது: ஒவ்வொரு மாடலும் விற்பனைக்கு வருமுன் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி முன்மாதிரிச் சோதனையில் தேறியாக வேண்டும், அப்படித் தேறிய வாகனத்தை வாங்கியவர் இஷ்டப்படி மாற்றினால் சாலைப் பாதுகாப்பு கெடும். அந்தக் காரணத்தோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் தீர்ப்பைப் பற்றிச் செய்தியில் மட்டும் படித்தவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். தீர்ப்பு பேசுவது, சான்றிதழில் பதிவு செய்வதற்காகத் தயாரிப்பாளர் குறித்துக் கொடுக்கும் விவரங்களைப் பற்றி. மற்ற விவரங்களை உரிய அனுமதியோடு மாற்றிப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. வண்டிக்கு வேறு வண்ணம் அடித்து ஆர்.சி.யில் திருத்தம் வாங்குவது இந்த வழியில்தான்.

இப்போது அந்த ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகக் காரின் சான்றிதழில் சேசிஸ் எண், இன்ஜின் எண், தயாரிப்பு ஆண்டு, வண்டியின் வகை, எரிபொருள், இன்ஜினின் கொள்ளளவு, இருக்கைகளின் எண்ணிக்கை, வீல்பேஸ், காலி எடை, வண்ணம் இருக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு இல்லை. ஷாக்கின் நீளம் இல்லை. வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதும் இல்லை. ஒருவர் தன் காரை நான்கு அங்குலம் தூக்கிவிட்டாலும் சான்றிதழில் ஒரு எழுத்துகூட முரண்படாது. அதே நபர் வெள்ளைக் காருக்குக் கறுப்பு வண்ணம் அடித்தால் முரண்பாடு வந்துவிடும். வண்ணம் மாறிய கார் யாரையும் கொல்லாது. நான்கு அங்குலம் தூக்கிய காரைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது.

தண்டனையைச் சட்டம் லேசாக வைக்கவில்லை. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. முக்கியப் பாதுகாப்பு பாகம் என அரசு வரையறுத்த ஒன்றைத் தரத்துக்கு மாறாக விற்பவருக்கு ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை போகிறது. ஆனால் எது அனுமதிக்கப்பட்ட மாற்றம் என்பதற்கு அளவுகோல் இல்லாத இடத்தில், தண்டனை யார் மேல் விழும் என்பது அன்றைக்குச் சாலையில் நிற்கும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்துப் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற பம்பர் கார்டு மாட்டும், உயரம் கூட்ட ஸ்பிரிங்கோடு உள்ளே வைத்த, கண்ணுக்குத் தெரியாத ஸ்பேசர் தப்பும். 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதும் முன்பக்கக் கம்பித் தடுப்புகளைப் பற்றித்தான். அது தேவையான கடிதம், மறுப்பில்லை. பாதசாரிகளுக்கு அந்தக் கம்பிகள் பெரிய ஆபத்து. ஆனால் சக்கரத்துக்கு உள்ளே நடப்பதைப் பற்றி அதே தெளிவோடு யாரும் எழுதவில்லை.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மலிவான வேலை, சுருள் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் பாலியூரித்தேன் வளையம் ஒன்றைச் சோப்புத் தண்ணீர் தடவி அடித்து நுழைப்பது. கடைகளில் அதை ஸ்பிரிங் பஃபர் என்பார்கள். மாட்டியதும் வண்டி கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும், உரிமையாளர் முகம் மலரும். அந்த வளையம் உட்கார்ந்த இடத்தில் ஸ்பிரிங்கின் அந்தச் சுற்று அசைவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அது செய்ய வேண்டிய வேலை மற்றச் சுற்றுகள் மேல் விழுகிறது. வளையத்துக்கும் கம்பிக்கும் இடையில் சேறும் மணலும் சிக்கி, கம்பியின் மேல்பூச்சைத் தேய்க்கும். பூச்சு போன இடத்தில் துரு ஏறும். ஸ்பிரிங் எஃகு விரிசல் விடுவது இப்படித் துருப்பிடித்த புள்ளிகளில்தான். உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை அறுப்பது இதைவிட மோசம். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு கால் பங்கு கூடும், மொத்த நீளமும் குறையும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்து, திரும்ப உட்காரும்போது இடம் மாறி உட்காரலாம். வெட்டிய முனை சமமாக இல்லாததால் இருக்கையும் அடிபடும். வண்டி உயரம் குறைந்ததால் சக்கரம் மேலே ஏறுவதற்கான இடமும் குறைந்து, சின்னக் குழியிலேயே ரப்பர் நிறுத்தியில் போய் மோதும். அப்படி மோதும் நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரிதான்.

பிரேக்கைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. பழைய வேன்கள், பிக்கப்புகள், சில கார்களில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்சிலுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி அமுங்கினால் பாடிக்கும் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம் குறையும், வால்வு அதை உணர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசாமல் இருக்க இந்த ஏற்பாடு. இப்போது பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி விட்டால், ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறின பிறகும் அந்த வால்வு வண்டியைக் காலி என்றே நினைக்கும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், முன் பிரேக் மொத்தத்தையும் சுமக்கும், நிற்கும் தூரம் கூடும். பின்பக்கத்தை இறக்கினால் நேர்மாறு, காலி வண்டியிலேயே பின் சக்கரம் பூட்டும். அந்தக் கம்பியின் தாங்கியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்துவிட்டால் பிரச்சினை தீரும், அரைமணி வேலைகூட இல்லை. ஆனால் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, செய்தார்களா என்று யாரும் சோதிப்பதுமில்லை. மின்னணு முறையில் பிரேக் அழுத்தத்தைப் பகிரும் புதிய கார்கள் சக்கர வேகத்தைப் பார்த்து முடிவெடுப்பதால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கின்றன. அவற்றுக்கு வேறு சிக்கல்: கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவும் முன்பக்க ரேடாரும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கும் சாய்வுக்கும் அளவமைக்கப்பட்டவை.

ஹெட்லைட்டைச் சாதாரணக் கணக்காலேயே காட்டலாம். தாழ்ந்த ஒளியின் மேல் விளிம்பு நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் கீழ்நோக்கி இருக்கும்படி அமைப்பது பொது வழக்கம். விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த விளிம்பு 65 மீட்டர் தள்ளிப் போய்த் தரையைத் தொடும். வீல்பேஸ் 2.4 மீட்டர் உள்ள காரில் பின்பக்கத்தை மட்டும் 4 செ.மீ. தூக்கினால் வண்டி நூற்றுக்கு 1.67 என்ற அளவில் முன்னால் குனிகிறது. ஒளி இப்போது சுமார் 24 மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவோம். பின்பக்கம் அதே 4 செ.மீ. இறங்கினால் ஒளி மேல்நோக்கித் திரும்பி, 75 மீட்டரில் எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் மட்டத்துக்கு வந்துவிடும். இருவழிச் சாலையில் இரவில் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைப்பது என்ன விளைவு தரும் என்பதை நம் மாநிலச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சரிசெய்வதற்கோ விளக்கின் பின்னால் உள்ள ஒரு திருகாணி போதும்.

புவியீர்ப்பு மையத்தின் கதையும் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வாகனங்கள் கவிழும் சாத்தியத்தை மதிப்பிடப் பயன்படுத்தும் எளிய எண், இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைப் புவியீர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தது. அகலம் 145 செ.மீ., மையம் 70 செ.மீ. என்றால் 1.04 வரும். மையம் 4 செ.மீ. மேலே போனால் 0.98. எண் சின்னதாகத் தெரியலாம், ஆனால் ஒன்றைச் சுற்றி நிற்கும் உயரமான வண்டிகளுக்கு ஒவ்வொரு நூறில் ஒரு பங்கும் கணக்கு. இதையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. மேலே சொன்ன ஒவ்வொன்றும் டேப்பாலோ கருவியாலோ அளக்கக்கூடியது. அளக்கக்கூடிய ஒன்றுக்கு வரம்பு வைக்கலாம், வரம்பு வைத்தால் சோதிக்கலாம்.

மக்கள் ஏன் தூக்கச் சொல்கிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எல்லோரும் அலங்காரத்துக்காக வருவதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரக்குறிப்பு ஐ.ஆர்.சி. 99, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வளைந்த மேடாக இருக்க வேண்டும் என்கிறது. நம் தெருக்களில் இருப்பவற்றில் எத்தனை அந்த அளவில் இருக்கின்றன என்பதை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் யாரும் பார்க்கலாம். ஒரு முழ அகலத்தில் கூம்பாக எழும்பி நிற்கும் மேட்டில் குடும்பத்தோடு போகும் சின்னக் காரின் சைலன்சர் தட்டத்தான் செய்யும். அடுத்தது சி.என்.ஜி. சட்டமே அனுமதிக்கும் மாற்றம் அது. அறுபது லிட்டர் கொள்ளளவுள்ள எஃகு சிலிண்டர் காலியாகவே ஐம்பது கிலோவுக்குக் குறையாது, அது டிக்கியில் உட்காருகிறது. எரிபொருள் மாறியது ஆர்.சி.யில் ஏறுகிறது. அந்தப் பாரத்தால் பின் ஸ்பிரிங் அமுங்கியது எங்கும் ஏறுவதில்லை. சிலிண்டரைச் சட்டப்படி பொருத்தியவர், அமுங்கிய பின்பக்கத்தை நிமிர்த்த ஒரு பஃபர் வாங்கி மாட்டும்போது சட்டத்தின் சந்தேக எல்லைக்குள் காலை வைக்கிறார். பத்து ஆண்டு ஓடித் தளர்ந்த ஸ்பிரிங்கையும் இதோடு சேர்க்க வேண்டும். அந்த வண்டி காகிதத்தில் தயாரிப்பாளர் சொன்னபடியே இருக்கிறது, நிஜத்தில் அது முன்மாதிரிச் சோதனையில் தேறிய வண்டி இல்லை. அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை. சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும், அதுவரை எந்த ஆய்வாளரும் அதைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று உண்டு. ஜெர்மனியில் புதுக் கார் மூன்று ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ஆய்வுக்குப் போயாக வேண்டும்.

அந்த ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். கண்டிப்புக்குப் பேர்போன நாடு, ஆனால் சஸ்பென்ஷன் மாற்றத்தை மொத்தமாகத் தடைசெய்யவில்லை. அவர்களுடைய வாகன அனுமதி ஒழுங்குவிதியின் 19ஆம் பிரிவு மூன்று நிலைகளில் ஒரு வாகனத்தின் இயக்க அனுமதி காலாவதியாகும் என்கிறது: வாகனத்தின் வகையே மாறினால், சாலையில் மற்றவர்களுக்கு ஆபத்து வர வாய்ப்பிருந்தால், புகையோ சத்தமோ மோசமானால். வேறு ஸ்பிரிங் மாட்டுபவர், எந்த மாடலுக்கு எந்த உயரம் வரை அது பொருந்தும் என்று சோதித்து எழுதிய அறிக்கையோடு வரும் பாகத்தை வாங்குகிறார், மாட்டுகிறார், வண்டியை அங்கீகாரம் பெற்ற பொறியாளரிடம் காட்டுகிறார். அவர் டயர் எங்காவது உரசுகிறதா, விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அளந்து, எழுதிக் கொடுக்கிறார். ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றக் கோவை இன்னும் நடைமுறையாகப் போகிறது. 50 மி.மீ. வரை சஸ்பென்ஷனைத் தூக்குவதற்குப் பொறியாளர் சான்று தேவையில்லை. அதற்கு மேல் போனால் சான்று வேண்டும், திடீரென்று தடம் மாற்றிப் பார்க்கும் சோதனையும் சேரும். சஸ்பென்ஷனின் மூல அசைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. ஓட்டும் உயரத்தைவிட அசைவின் அளவைப் பிடித்தது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதிய விதி அது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தை இறக்கி ஓட்டும் மோகம் பரவியது. 2021 டிசம்பரில் அமலுக்கு வந்த சட்டம் அதற்கு ஓர் அளவையே வைத்தது: மாற்றத்தின் விளைவாக முன் சக்கர மட்கார்டின் உயரம் பின்னதைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ கூடுதலாக இருக்கக் கூடாது. சாலையில் நிற்கும் காவலர் ஒரு டேப்பால் முடித்துவிடலாம், வாதாட ஏதுமில்லை.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு. தயாரிப்பாளர் கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதித்ததை ஒரு பட்டறைக்காரன் மாற்றலாமா என்பது முதலாவது. நியாயமான கேள்வி. ஆனால் தயாரிப்பாளரே ஒரே மாடலை நாட்டுக்கு ஒரு உயரத்தில் விற்கிறார், இந்தியச் சாலைக்கென்று உயர்த்தி வேறு ஸ்பிரிங், வேறு ஷாக் போடுகிறார். ஆக, உயரம் என்பது தொடக் கூடாத ஒன்று இல்லை. மாற்றும்போது அதனோடு சேர்த்து மாற்ற வேண்டியவற்றை மாற்றினோமா என்பதுதான் விஷயம். ஸ்பிரிங்கை மட்டும் தூக்கிவிட்டு ஷாக்கைப் பழைய நீளத்திலேயே விடுவதும், ஸ்டியரிங் டை ராடின் கோணம் மாறின பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் அனுப்புவதும், முன்சக்கர இழுவை வண்டியில் ஆக்சில் ஜாயின்ட் எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்று கவனிக்காததும் தயாரிப்பாளர் ஒருநாளும் செய்யாதவை. விதி கட்டுப்படுத்த வேண்டியது இந்த அரைகுறை வேலையை.

கொஞ்சம் இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது இரண்டாவது எதிர்வாதம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, சிலர் பிடுங்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் இன்றைக்கு நடப்பதும் அதுதான், இருட்டில் நடக்கிறது. மொத்தத் தடை இருக்கும்போது நல்ல வேலை செய்பவரும் கெட்ட வேலை செய்பவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். பில்லில் ஸ்பேசர் என்று எழுதப் பயந்து ஜெனரல் சர்வீஸ் என்று எழுதும் வழக்கம் அங்கேதான் பிறக்கிறது. பில் இல்லாத வேலைக்குப் பொறுப்பும் இல்லை. விபத்துக்குப் பின் சர்வே செய்பவர் ஸ்பேசரைக் கண்டுபிடித்தால், சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கையில் உரிமையாளர் தனியே நின்று போராட வேண்டியிருக்கும். யார் மாட்டினார், எப்போது மாட்டினார், எவ்வளவு உயரம் மாறியது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வரம்பும் பதிவும் வந்துவிட்டால் வரம்புக்கு மேல் போனவரைத் தனியாகப் பிடிக்கலாம். அறுத்த ஸ்பிரிங், பற்றவைத்த சஸ்பென்ஷன் ஆர்ம், சூடு காட்டி வளைத்த பட்டா ஸ்பிரிங் ஆகியவற்றுக்கு எந்த வரம்புக்குள்ளும் இடம் கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசு இல்லை.

மூன்றாவது, நம்மிடம் ஆய்வு செய்ய வசதி எங்கே, ஆய்வாளரைக் கவனித்தால் எதற்கும் சான்று கிடைக்கும் என்பது. பத்தாண்டுக்கு முன் இதற்கு நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் 2021இல் மத்திய அரசு தானியங்கி வாகனச் சோதனை நிலையங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. உருளை மேல் ஓட்டிப் பிரேக்கை அளக்கும் கருவி, ஹெட்லைட் சோதனைக் கருவி, சக்கரம் பக்கவாட்டில் நழுவும் அளவைக் காட்டும் தட்டு, சஸ்பென்ஷன் சோதனைக் கருவி எல்லாம் அந்த நிலையங்களுக்கான பட்டியலில் இருக்கின்றன. கருவி சொல்லும் எண் நேராகக் கணினியில் ஏறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் இன்னும் வரவில்லை, அது குறைதான். ஆனால் எஃப்.சி. வண்டிகளுக்காக வரும் அதே கருவி மேல், உயரம் மாற்றின கார் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும். பாகங்களின் தரத்துக்கும் புதிதாக ஏதும் கட்ட வேண்டியதில்லை. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, நம் ஒரகடத்தில் உலகத்தர வாகன ஆய்வு மையம் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங் செட்டை ஒரு மாடலுக்கு ஒருமுறை அங்கே சோதித்து அறிக்கை வாங்கிவிட்டால், அதே மாடலில் மாட்டும் ஒவ்வொரு காரையும் அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை. ஜெர்மன் முறையின் சாரம் இதுதான்.

உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே, இனி என்ன பேச்சு என்பவர்களுக்கு: நீதிமன்றம் இருக்கிற சட்டத்தை வாசித்துப் பொருள் சொன்னது. குறிப்பிட்ட நோக்கங்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்று மத்திய அரசுக்குக் கொடுத்த அதிகாரம் அதே 52ஆம் பிரிவில்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வாகனத்துக்குச் சட்டம் வழி செய்திருக்கிறது, எரிபொருள் மாற்றத்துக்கு வழி செய்திருக்கிறது. சஸ்பென்ஷனுக்கும் ஓர் அறிவிக்கை போதும். சட்டத்தையே திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

அப்படி ஒன்று எழுதினால் என்ன இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் ஆர்.சி.யில் ஓர் எண் வேண்டும் என்பேன். சக்கர மையத்திலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரையுள்ள உயரம், முன்னும் பின்னும். தரையிலிருந்து அளந்தால் காற்றழுத்தமும் டயர் தேய்மானமும் அளவைக் குழப்பும், மையத்திலிருந்து அளந்தால் குழப்பாது. எங்கள் தொழிலில் உயரம் பார்க்கும் வழக்கமும் இப்படித்தான். தயாரிப்பாளர் இந்த எண்ணைச் சோதனையின்போதே கொடுத்துவிடலாம். அதிலிருந்து ஒரு சிறிய வரம்புக்குள், 25 அல்லது 30 மி.மீ., சோதித்த பாகத்தைப் பதிவு பெற்ற பட்டறை மாட்டி, விளக்கு, அலைன்மென்ட், பிரேக் வால்வு மூன்றையும் சரிசெய்து சீட்டு கொடுத்தால் அதுவே போதும். அதற்கு மேல் 50 மி.மீ. வரை சோதனை நிலையத்துக்குப் போய் ஆர்.சி.யில் புது எண் ஏற வேண்டும். அதற்கும் மேல் சாதாரணச் சாலைக்குத் தேவையே இல்லை. ஆஸ்திரேலியாவைவிடக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே கோவையும் பொறியாளர்களும் பல ஆண்டு பழகியிருக்கிறார்கள், நாம் இனித்தான் தொடங்க வேண்டும். சிலிண்டர் பொருத்திய வண்டிக்குப் பின் ஸ்பிரிங்கைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது மாற்றமாகவே கருதப்படக் கூடாது. அது மூல அளவுக்குத் திரும்புவது.

அறிவிக்கை வரும் வரை பட்டறைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இன்றைய சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அடி தட்டுகிறது என்று வருகிற காரில் பாதிக்கு மேல் தளர்ந்த ஸ்பிரிங்கும் செத்த ஷாக்குமே காரணமாக இருப்பதால், கம்பெனி அளவிலேயே புதிதாக மாற்றினால் உயரம் தானாக வந்துவிடும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, முதலில் சொல்ல வேண்டிய வழி அதுதான். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நான்கு சக்கர உயரத்தையும் அளந்து பில்லிலேயே எழுதலாம். பஃபரையும் அறுப்பையும் மறுத்துவிடலாம், அந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போனாலும் சரி. வேலை முடிந்ததும் ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்க்காமல் வண்டியை வெளியே விடாமல் இருக்கலாம். கழற்றிய பழைய ஸ்பிரிங்கைப் பெயர் எழுதிக் கட்டி உரிமையாளரின் டிக்கியிலேயே வைத்துவிடலாம். நாளைக்கு ஆய்வாளரோ காப்பீட்டுக்காரரோ கேட்டால் திரும்ப மாட்டுவதற்கு அது அவர் கையில் இருக்கும்.